என் ஷிஃப்ட்டில் நின்றவன்

விரலை எடுத்த பிறகும் கொக்கி ஒரு சாண் இறங்கியது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அது. மதியம் இரண்டு மணிக்கு ஷிஃப்ட் முடிய வேண்டும், இருபது நிமிடம்தான் பாக்கி. கம்பிக் கட்டைத் தூக்கி லாரிக்கு மேலே கொண்டுபோய் நிறுத்திவிட்டு சுவிட்சிலிருந்து விரலை எடுத்தேன். எடுத்தால் பிரேக் பிடித்து அப்படியே அந்தரத்தில் நிற்க வேண்டும். நிற்கவில்லை. சத்தமே இல்லாமல் ஒரு சாண் இறங்கி, அப்புறம்தான் நின்றது. வெறும் கொக்கியை ஏற்றி இறக்கிப் பார்த்தேன், ஒழுங்காக நின்றது. அடுத்த கட்டைத் தூக்கினேன். மறுபடியும் இறங்கியது, இந்தத் தடவை ஒரு சாணுக்கும் கொஞ்சம் அதிகம்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பி ஆலை. பழைய இரும்பை உருக்கி, வீடு கட்டும் கம்பியாக்கி, கட்டுக்கட்டாக லாரியில் ஏற்றி அனுப்புவார்கள். அந்த ஏற்றுமிடத்தில் நான் கிரேன் ஓட்டினேன். அங்கே காலை ஆறிலிருந்து மதியம் இரண்டுவரை ஒரே ஷிஃப்ட்தான். உயரத்தில் கூண்டுக்குள் உட்கார்ந்து ஓட்டுகிற கிரேன் இல்லை. மேலிருந்து ஒயரில் தொங்கும் சுவிட்ச் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, சரக்கோடு தரையில் நடக்க வேண்டும். இரண்டு டன் இரும்பு பக்கத்தில் ஊர்வலம் வரும், நாம் மாப்பிள்ளைத் தோழன் மாதிரி கூடவே போக வேண்டும். முதல் மாதம் தூக்கத்தில்கூட உடம்பு நடுங்கும். பழகிவிட்டால் பயம் போய்விடும். பயம் போனதுதான் பெரிய தப்பு என்று இப்போது தோன்றுகிறது.

பிரேக் நழுவினால் என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியாததில்லை. பதினாலு வருஷ சர்வீஸ். லாக் புக்கில் எழுத வேண்டும். எழுதினால் கிரேனில் சிவப்பு அட்டை தொங்கும், யாரும் தொடக்கூடாது, மெயின்டனன்ஸ் ஆள் மேலே ஏறிப் பிரேக்கைப் பிரிப்பான். அது சட்டம். அந்தச் சட்டத்துக்கு அடியில் எங்கள் ஆலையில் இன்னொரு வழக்கம் இருந்தது. எவன் எழுதினானோ அவன்தான் ரிப்பேர் முடியும்வரை கூட நிற்க வேண்டும். முடிந்ததும் அவனே சரக்கைத் தூக்கிக் காட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். அது மறுநாள் மதியம்வரைகூட இழுக்கும். அதனால் தீபாவளிக்கு முந்தின நாளும், பொங்கலுக்கு முந்தின நாளும், ஆடி மாதம் பெரியபாளையம் அம்மன் கோயிலுக்குப் போகிற வாரமும் எங்கள் லாக் புக் பளிங்கு மாதிரி சுத்தமாக இருக்கும். மிஷின்கள் எல்லாம் பண்டிகைக்குப் பயந்து நல்ல பிள்ளையாக நடந்துகொள்கின்றன என்று சூப்பர்வைசர் நினைத்தாரோ என்னவோ. எல்லோருக்கும் விஷயம் தெரியும். ஆனால் வாயில் கொழுக்கட்டை.

நானும் லாக் புக்கை எடுத்தேன். பிரேக் என்று போட்டிருந்த கட்டத்தில் 'ஓகே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அன்றைக்கும் அழகாகத்தான் இருந்தது.

ஏன் அப்படிச் செய்தேன் என்றால், எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் அன்று யாரும் வேலைக்குப் போவதில்லை. இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. என் அப்பா கூலி ஆள். இன்றைக்குக் கம்பெனிகளின் காம்பவுண்டுச் சுவர் ஓடுகிற இடத்தில் அன்றைக்கு நெல் விளைந்தது, அதில் அவர் இறங்கி வேலை செய்தார். ஒரு கிறிஸ்துமஸ் காலையில், சர்ச் வாசலுக்கே ஆள் அனுப்பி அவரை வயலுக்கு இழுத்துப் போனார்கள். புதுச் சட்டையோடு சேற்றில் இறங்கினாராம். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "இனிமே நம்ம ஊட்ல கிறிஸ்மஸ் அன்னிக்கி எவனும் எவன் வேலைக்கும் போகக் கூடாது. பட்டினி கெடந்தாலும் சரி" என்றாராம். அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆன பிறகும் அந்தப் பேச்சு வீட்டில் நின்றது. பத்துக் கட்டளையோடு அதையும் சேர்த்துப் பதினொன்று என்றுதான் நாங்கள் வைத்திருந்தோம்.

காலை ஐந்து மணி ஆராதனையில் வேதபாடம் படிப்பது நான். பன்னிரண்டு வருஷமாக வேறு யாரும் படித்ததில்லை. பிறகு வீட்டுக்கு வந்து, என் கையால் பிரியாணி. தெருவில் இருக்கிற இந்து வீடுகளுக்கெல்லாம் கேக்கும் அதிரசமும் தட்டில் வைத்து என் பெண் கொண்டுபோய்க் கொடுப்பாள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், என் விசுவாசம் முழுக்க அந்த ஒரே நாளில்தான் இருந்தது. மற்ற ஞாயிறுகளில் பிரசங்கத்தின்போது தூங்குவேன். அந்த ஒரு நாளை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் இருப்பதுதான் பக்தி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் விட்டுக்கொடுக்கவில்லை என்றால், விட்டுக்கொடுக்க வேறொருவன் வேண்டுமே. அவன் இருந்தான்.

ஊத்துக்கோட்டைப் பக்கத்துக்காரன். ஆந்திரா எல்லையில் வளர்ந்ததால் பெரியவன் சின்னவன் எல்லோரையும் 'நைனா' என்றுதான் கூப்பிடுவான். அவனும் கிரேன் ஓட்டுகிறவன், ஆலையின் வேறொரு பக்கத்தில். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம் எங்களுக்குள் ஒரு பேச்சு: தீபாவளிக்கும் ஆடிக்கும் அவன் ஷிஃப்ட்டை நான் பார்ப்பேன், கிறிஸ்துமஸுக்கு என் ஷிஃப்ட்டை அவன் பார்ப்பான். ஆலையில் இந்துவும் கிறிஸ்தவனும் இப்படி ஜோடி போட்டுக்கொள்வது சாதாரணம். சண்டை சச்சரவு இல்லாமல் இரண்டு வீட்டிலும் பண்டிகை நடக்கும். தீபாவளியன்று நான் வேலை பார்த்துவிட்டு வந்தால் மறுநாள் அவன் வீட்டு அதிரசம் எனக்கு வரும், கிறிஸ்துமஸ் அன்று இரண்டு மணிக்கு நான் கேட்டில் பிரியாணியோடு நிற்பேன்.

அந்த வருஷம் இருபத்தைந்தாம் தேதி அவனுக்கு வார விடுமுறை. அதையும் விட்டுவிட்டுத்தான் வருவதாகச் சொல்லியிருந்தான்.

லாக் புக்கை மூடி வைத்துவிட்டு வெளியே வந்தபோது பைக் ஸ்டாண்டில் அவன் நின்றுகொண்டிருந்தான். "இன்னா நைனா, மூஞ்சி பேஜாரா கீது? நாளிக்கி உனக்குப் பண்டிக, எனக்கா?" என்றான்.

சொல்ல வேண்டிய இடம் அதுதான். அவனிடம் சொல்லியிருந்தால்கூடப் போதும். ஆனால் சொன்னால் அவன் கேட்பான், ஏன் எழுதவில்லை என்று. "ஒண்ணுமில்லப்பா. நாளைக்கிக் கொஞ்சம் பாத்து ஓட்டு" என்றேன்.

"எப்பவும் பாத்துத்தான் ஓட்டிக்கினு கீறேன். நீ போய் கறியப் பாத்து வாங்கு. போன வருசம் ஒரே எலும்பு" என்று சிரித்தான்.

நானும் சிரித்தேன். பைக்கைக் கிளப்பி வெளியே வந்தபோது புகைபோக்கிகளிலிருந்து வந்த தூசி வெயிலையே மங்கலாக்கியிருந்தது. அது எப்போதும் அப்படித்தான் இருக்கும், அன்றைக்கு மட்டும் என்னவோ அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஒருநாள் தானே, ஒன்றும் ஆகாது என்று சொல்லிக்கொண்டே வீடு வந்தேன். எத்தனை தடவை சொன்னேன் என்று கணக்கில்லை. ஒன்றும் ஆகாது என்கிற நிச்சயம் இருப்பவன் அதை ஒரு தடவைக்கு மேல் சொல்லமாட்டான்.

மறுநாள் காலை ஆராதனையில் பாடம் படிக்க எழுந்தேன். வயல்வெளியில் மேய்ப்பர்களுக்கு இயேசு பிறந்த செய்தியோடு தூதன் தோன்றுகிற பகுதி. பயப்பட வேண்டாம் என்று தூதன் சொல்கிற இடத்தில் என் நாக்கு ஒட்டிக்கொண்டது. தண்ணீர் குடித்துவிட்டு மீதியைப் படித்தேன். பனிக் காலத்துச் சளி என்று சபையார் நினைத்திருப்பார்கள். மணி ஆறைத் தாண்டியிருந்தது. அவன் சுவிட்ச் பெட்டியைக் கையில் எடுத்திருப்பான் என்ற நினைப்பு வந்தது. அதற்குப் பிறகு பிரசங்கத்தில் ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை.

வீட்டில் பிரியாணிக்குத் தம் போட்டு, மூடியின்மேல் நெருப்புக் கங்கை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஆலையின் சங்கு ஊதியது. ஆறு மணிக்கும் இரண்டு மணிக்கும் ஊத வேண்டிய சங்கு. அப்போது மணி பதினொன்றுகூட ஆகவில்லை. நீளமாக ஊதி, நின்று, மறுபடி ஊதியது.

"இன்னாங்க இது, நேரங்கெட்ட நேரத்துல ஊதறான்?" என்றாள் என் மனைவி.

கரண்டியை அப்படியே போட்டேன். புதுச் சட்டையோடு பைக்கை எடுத்தேன். பைபாஸில் ஏறும் இடத்தில் எதிரே ஆம்புலன்ஸ் சென்னைப் பக்கம் போனது. அதற்குள் இருப்பவன் யார் என்று எனக்குத் தெரியும். வேறு யாராவதாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஜெபங்களிலேயே கேவலமான ஜெபம் அதுதான்.

கேட்டில் சூப்பர்வைசர் நின்றார். கம்பிக் கட்டை இறக்கும்போது அடியில் மரக்கட்டை வைக்கக் குனிந்தானாம், சரக்கு தானாக இறங்கிவிட்டதாம். இடது கால், முழங்காலுக்குக் கீழே. சொல்லி முடித்துவிட்டு என் தோளில் கை வைத்தார். "உன் நல்ல நேரம்யா. இன்னிக்கி நீ இருந்திருக்க வேண்டியது."

அந்த வாக்கியத்தை அடுத்த ஒரு வாரம் வெவ்வேறு வாயிலிருந்து கேட்டேன்.

மறுநாள் சென்னை ஆஸ்பத்திரியில் அவன் காலை எடுத்துவிட்டார்கள். வராந்தாவில் அவன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அண்ணா, நீங்களாவது நல்லா இருக்கீங்களே அண்ணா" என்றாள். மனதார சொன்னாள். நான் அந்தக் கையை உதறவும் முடியாமல், பிடித்துக்கொள்ளவும் முடியாமல் நின்றேன்.

சபைக்குச் சேதி என் மனைவி மூலம் போயிருந்தது. அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் என்னைத் தேடி வந்தார். என்னைவிட வயதில் சின்னவர், நல்ல மனிதர். "பிரதர், கர்த்தர் உங்களைக் கண்மணி மாதிரி காப்பாத்தியிருக்கார். நியூ இயர் ஆராதனையில நீங்க சாட்சி சொல்லணும்" என்றார்.

புது வருஷக் காலையில் சாட்சி சொல்வது எங்கள் சபையில் முக்கியமான வழக்கம். வியாதி சுகமானவர்கள், விபத்தில் தப்பியவர்கள், வேலை கிடைத்தவர்கள் எழுந்து நன்றி சொல்வார்கள். சபை அல்லேலூயா சொல்லும். பிறகு, வருஷத்துக்கான வேத வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டையை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு போவோம். அந்த வருஷத்துச் சாட்சிகளில் என்னுடையதுதான் பெரியதாக இருக்கப் போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. காய்கறி வாங்கப் போனால்கூட, "உங்க அப்பா வெச்ச வைராக்கியம் தாங்க உங்களக் காப்பாத்திச்சி" என்றார்கள்.

"நான் சொல்லமாட்டேன்" என்றேன் மனைவியிடம்.

"ஏன்? உசுரக் காப்பாத்தினவருக்கு ஒரு நன்றி சொல்ல உங்களுக்கு இன்னா கொறஞ்சிடும்?"

அவளிடமும் சொல்லவில்லை. லாக் புக் விஷயம் எனக்கும் கர்த்தருக்கும் மட்டும் தெரியும் என்று நினைத்தேன். அந்த வாரம் முழுக்க வாசலில் தொங்கிய நட்சத்திரம் சாயங்காலமானால் எரியும், நான் அதற்கு முகம் கொடுக்காமல் பின்வாசல் வழியாகப் போய்வந்தேன்.

டிசம்பர் முப்பத்தொன்று, பார்வையாளர் நேரம் நான்கு மணிக்கு. ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவன் கண்ணை மூடிப் படுத்திருந்தான். கால் இருக்க வேண்டிய இடத்தில் போர்வை சப்பையாகக் கிடந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, யாருக்கும் கேட்காத குரலில் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு சாண் இறங்கியதை, ஓகே என்று எழுதியதை, பைக் ஸ்டாண்டில் வாயை மூடிக்கொண்டதை.

அவன் கண்ணைத் திறக்காமலேயே கேட்டுக்கொண்டிருந்தான். முடித்ததும், "சரி, உடு நைனா. யார்கிட்டயும் சொல்லிக்காத" என்றான். அவ்வளவுதான்.

எனக்கு ஆறுதலாக இருந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது. எழுந்து திரும்பினால், கட்டிலின் தலைமாட்டுப் பக்கம் அவன் மனைவி ஃபிளாஸ்க்கோடு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு கேட்டாளோ, போதுமான அளவு கேட்டிருந்தாள்.

"அவராண்ட சொல்லிட்டீங்க. மனசு லேசாயிடுச்சா?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "கம்பெனில இவரு கவனமில்லாம ஓட்டினாருன்னு எழுதிக்கிறாங்க. மெஷின் நல்லா இருந்துச்சாம், மொத நாள் புக்ல கையெழுத்து இருக்காம். ரெண்டாந்தேதி விசாரண. அங்க வந்து சொல்வீங்களா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் ஃபிளாஸ்க்கைத் திறந்து காப்பி ஊற்றினாள். அன்று அவள் என்னை அண்ணா என்று கூப்பிடவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் வேலை போவதைப் பற்றித்தான் யோசித்தேன். பெண் கல்லூரியில் முதல் வருஷம். வீட்டுக்கு மாடி எடுத்துப் பாதியில் நிற்கிறது. கால் போனவனைப் பற்றி யோசித்த நேரத்தைவிட இதைப் பற்றி யோசித்த நேரம் அதிகம். மனிதன் இவ்வளவுதான் போலிருக்கிறது, குறைந்தபட்சம் நான் இவ்வளவுதான்.

புது வருஷக் காலையில் பாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். மைக் முன்னால் போய் நின்றேன். முன்வரிசையில் என் மனைவி, பெண், பின்னால் தெரிந்த முகங்கள் எல்லாம் ஏற்கெனவே சிரித்த முகமாக இருந்தன. அல்லேலூயா எல்லோர் நாக்கு நுனியிலும் தயாராக இருப்பது தெரிந்தது.

"கர்த்தர் என்னக் காப்பாத்தினார்னு சொல்லச் சொன்னாங்க" என்று ஆரம்பித்தேன். "பிரேக் கெட்டுப் போனது எனக்கு முந்தின நாளே தெரியும். கிறிஸ்மஸ் லீவு போயிடும்னு நான் எழுதல. நல்லா இருக்குன்னு கையெழுத்துப் போட்டேன். என் எடத்துல ஒருத்தர் நின்னாரு, அவரு கால் போயிடுச்சி. இதுல கர்த்தர் என்னக் காப்பாத்தினார்னு சொன்னா, அந்த மனுஷன அவர் காப்பாத்தலன்னு சொல்ற மாதிரி ஆவுது. அது எனக்குச் சொல்லத் தெரியல. நான் தப்புப் பண்ணிட்டேன்."

ஒருவரும் அல்லேலூயா சொல்லவில்லை. பாஸ்டர் வாக்குத்தத்த அட்டைப் பெட்டியைக் கையில் எடுத்து, பிறகு மேஜையிலேயே வைத்துவிட்டு, எல்லோரும் முழங்கால் போடுவோம் என்று மட்டும் சொன்னார். அந்த வருஷம் எங்கள் சபையில் யாரும் அட்டை எடுக்கவில்லை. என் மனைவி எனக்கு முன்னாலேயே எழுந்து, என்னை விட்டுவிட்டு நடந்து வீட்டுக்குப் போனாள்.

மதியம் பாஸ்டர் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார். "நானும் ஒண்ணும் கேக்காமலே நன்றி சொல்லச் சொல்லிட்டேன், பிரதர். எனக்கு அது உறுத்துது" என்றார். பிறகு, "நாளைக்கி விசாரணைக்கு நான் கூட வரட்டுமா?" என்று கேட்டார்.

வந்தார். உள்ளே விடவில்லை. கேட்டுக்கு வெளியே, லாரிகள் போகும் தூசியில், ஸ்கூட்டரில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

உள்ளே இரண்டு அதிகாரிகள். மேஜையில் அந்த லாக் புக். முதலில் ஆஸ்பத்திரியில் அவனிடம் வாங்கிய வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினார்கள். கிரேன் நன்றாகத்தான் இருந்தது, பிரேக்கில் கோளாறு ஒன்றும் இல்லை, நான்தான் கவனம் தப்பினேன் என்று அவன் சொல்லியிருந்தான். சரக்கு தானாக இறங்கிக் கால் போனவன், பிரேக் நன்றாக இருந்தது என்று ஏன் சொல்ல வேண்டும்?

"உங்க கையெழுத்து தானே இது? யோசிச்சிச் சொல்லுங்க" என்றார் ஒருவர். நான் தப்பித்துப் போக அவர் கதவைத் திறந்துவிடுகிறார் என்பது எனக்குப் புரிந்தது.

"கையெழுத்து என்னுதுதான். எழுதினது பொய்" என்றேன்.

அன்றே என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். பிறகு மாதக்கணக்கில் இழுத்து, அவன்மேல் போட்ட குற்றத்தை எடுத்தார்கள், அவனுக்குச் சேர வேண்டியதும் சேர்ந்தது. எனக்கு வேலை போனதுதான். காக்களூரில் ஒரு சின்ன யூனிட்டில் இடம் கிடைத்து, குடும்பத்தோடு திருவள்ளூருக்கு வந்தோம். மாடி பாதியிலேயே நிற்கிறது.

புது இடத்தில் முதல் கிறிஸ்துமஸ் வந்தது. அன்றைக்கு வேலைக்கு யார் வருவீர்கள் என்று கேட்டார்கள். நான் கை தூக்கினேன்.

வீட்டில் பெரிய சண்டை. "மாமா சொன்ன சொல்லு இன்னா ஆவுறது?" என்று என் மனைவி கத்தினாள். எனக்கும் அது உறுத்தாமல் இல்லை. அப்பாவின் கோபத்தைப் பற்றி இரண்டு மூன்று நாள் யோசித்தேன். ஒரு மனிதனைப் பண்டிகை நாளில் இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினார்களே என்பதுதான் அவர் கோபம். என் வீட்டு ஆள் நிற்கக்கூடாது என்று அதை நான் சுருக்கிக்கொண்டேன். வேறு வீட்டு ஆள் நின்றால் எனக்கு வலிக்கவில்லை. அவர் வார்த்தையைக் காப்பாற்றிக்கொண்டே அவரை இழுத்துப் போனவர்கள் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டேன். இதை அவளிடம் சொன்னேன். முழுதாக ஒத்துக்கொண்டாள் என்று சொல்லமாட்டேன், ஆனால் டிபன் பாக்ஸைக் கழுவி வைத்தாள்.

இப்போதெல்லாம் காலை ஆராதனை முடிந்து நேராக ஷிஃப்ட்டுக்குப் போகிறேன். பிரியாணி சாயங்காலம்தான். புதுச் சபையில் என்னைப் பாடம் படிக்கச் சொல்ல யாரும் இல்லை, உட்கார்ந்து கேட்கிறேன். கேட்டபோதுதான் ஒன்று புரிந்தது. பன்னிரண்டு வருஷம் அதே பகுதியைப் படித்தும், அந்த மேய்ப்பர்கள் அன்றைக்கு வேலையில் இருந்தவர்கள் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. மற்றவர்கள் எல்லோரும் படுத்திருந்தபோது காவல் ஷிஃப்ட் பார்த்தவர்களிடம்தான் செய்தி முதலில் வந்தது. நான் லீவு போட்டுக்கொண்டு போய் அதை அழகாக வாசித்துக்கொண்டிருந்தேன்.

கிறிஸ்துமஸ் இப்போது எனக்குச் சந்தோஷமான நாள் இல்லை. பதினோரு மணி நெருங்கும்போது காது தானாகச் சங்குக்குக் காத்திருக்கிறது. அந்த நேரத்தில் நான் ஜெபிக்கிற ஜெபத்தில் அழகான வார்த்தை ஒன்றுகூட இருக்காது. ஆனால் முன்பு நான் ஜெபித்தபோது கேட்க ஆள் இருக்கிறதா என்ற நினைப்பே எனக்கு இருந்ததில்லை. இப்போது கேட்கிறார் என்று தெரிகிறது, அதனாலேயே பயமாக இருக்கிறது. விசுவாசம் ஆழமாவது என்பது மனசு நிம்மதியாவது என்றுதான் மேடையில் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படி நடக்கவில்லை.

அவன் மனைவி இன்றைக்கும் என்னோடு பேசுவதில்லை. அதை மாற்றச் சொல்லி நான் வேண்டிக்கொள்வதும் இல்லை.

ஒன்றே ஒன்று மட்டும் இதுவரை வீட்டில்கூடச் சொல்லாமல் வைத்திருக்கிறேன். விசாரணை நடந்த அன்று சாயங்காலம், ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து அவன் எனக்கு ஃபோன் செய்தான். சேதி அதற்குள் அவனுக்குப் போய்விட்டது. தெரு முனையில் நின்று எடுத்தேன். எடுத்ததுமே திட்டினான். அவ்வளவு கோபமாக அவனை நான் கேட்டதில்லை.

"உன்ன எவன்யா போய்ச் சொல்லச் சொன்னது? யார்கிட்டயும் சொல்லாதன்னு சொன்னேன் இல்ல?"

"நீ ஏன் பிரேக் நல்லா இருந்துச்சின்னு சொன்ன?" என்றேன்.

"மொத லோடுலயே எனக்குத் தெரிஞ்சிடுச்சி நைனா. கொக்கி நிக்கல. எழுதலாம்னு புக்க எடுத்தேன். பாத்தா, மேல உன் கையெழுத்து. நான் எழுதினா, நேத்து ஓட்டினவன் எங்கடான்னு கேப்பானுங்க. கோயிலாண்டயே ஆள் அனுப்பி உன்ன இட்டுக்கினு வருவானுங்க. உங்க அப்பாவ இட்டுக்கினு போன மாதிரி. நீதானே அந்தக் கதைய எனக்குச் சொன்ன? ஒரு நாள் தானே, பாத்து ஓட்டிக்கலாம்னு புக்க மூடி வெச்சிட்டேன். மரக்கட்ட வெக்கிற ஹெல்பரக்கூடப் பக்கத்துல விடல, கட்டைய நானே வெச்சேன்." குரல் உடைந்தது. "கால் போனது போச்சி. உன் வேலையாவது இருக்கட்டும்னு பாத்தா, நீயே போய் எல்லாத்தையும் ஒப்பிச்சிட்டு வந்துக்கிற. அப்பறம் நான் இன்னாத்துக்குய்யா நின்னேன்?"

சிலுவையில் என் இடத்தில் ஒருவர் நின்றார் என்பதைச் சின்ன வயதிலிருந்து ஒவ்வொரு பெரிய வெள்ளிக்கும் கேட்டிருக்கிறேன். வாய் வலிக்கப் பாடியிருக்கிறேன். அது இப்படி இருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு, போகிற வருகிறவர்கள் பார்க்க, தெருவிலேயே உட்கார்ந்து அழுதேன்.

"அழுவாத நைனா" என்றான், கால் போனவன்.